முள்ளுக்குப் பயந்த பந்து

எங்கள் கால்பந்து கிளப்பில் மொத்தமே எட்டுப் பேர். எங்கள் பக்கத்தில் நடப்பது ஏழு பேர் ஆட்டம் என்பதால் ஒருவர் வெளியே உட்காரலாம். அந்த ஒருவர் எப்போதும் நான்தான். பஞ்சர் கடை வைத்திருப்பவன். பந்தும் பம்பும் என்னிடம் இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கோடையில் ஏரி வற்றியதும் அதன் உள்ளேதான் எங்கள் மைதானம். மூன்று பக்கமும் வேலிகாத்தான் முள். பந்தைத் தூக்கி அடித்தால் முள்ளில் போய் விழும், பஞ்சராகும், நான் ஒட்டி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். இருந்தது ஒரே பந்து. அதனால் யாரும் பந்தை முழங்காலுக்கு மேல் எழுப்புவதில்லை. தரையோடு தட்டித் தட்டி, ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குத்தான் போகும். யாராவது மறந்து தூக்கினால் எங்கள் கோல்கீப்பர் ஏரிக்கரை அதிரக் கத்துவார்: "முள்ளு! முள்ளு!" அவர் கொத்தனார். சாரத்தின் மேல் நின்று சித்தாளைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

இந்த வருடம் உத்திரமேரூரில் நடந்த போட்டியில் நாங்கள் அரையிறுதி வரை வந்ததே ஊருக்கு ஆச்சரியம். அப்போதுதான் டவுன் டீம் மேனேஜர் என் கடைக்கு வந்தார். அவர்களிடம் நாற்பது பேருக்கு மேல் ஆட்கள், ஆளுக்கொரு பூட்ஸ், வலைபோட்ட கோல்.

"உங்க பசங்க மூணு பேர் நல்லா ஆட்றானுங்க. அடுத்த சீசன்ல எங்களாண்ட அனுப்பிடு" என்றார்.

மூன்று பேர் போனால் மிச்சம் ஐந்து. அதோடு கிளப் முடிந்தது. எனக்குச் சட்டென்று பதில் பேச வராது. டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மூன்று பேரும் போட்டி முடியட்டும், அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். தோற்றால் போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். ஆனால் ஜெயித்தால் தீ மிதிப்பதாக எங்கள் கோல்கீப்பர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். சொன்னபடியே கோயிலில் காப்பும் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் தீ மிதிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. டவுன் டீமோடு ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூரில். தீமிதி அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. மஞ்சள் கயிறு கையில் ஏறிய பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"கெலிக்கணும்னு வேண்டிக்கினேன். கெலிச்சா ஃபைனல் வரும்னு தோணலியே!" என்றார் அவர், அழுகிற மாதிரி.

பூசாரியிடம் போய்க் கேட்டோம். "எல்லைய தாண்டாத. அவ்ளோதான்" என்று முடித்துவிட்டார்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரின் கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்றேன். சுற்றிலும் கூட்டம். கல்யாணத்தில் கூடக் கடைசிப் பந்தியில் உட்காருகிறவன் நான். என் தொந்தியைப் பார்த்து ஒருவன், "அண்ணாத்தய தாண்டி பந்து போவாது, எடமே இல்ல!" என்றான். ஆட்டம் சூடாவதற்குள் ஒரு பந்து என் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது.

இடைவேளையில் யாரும் திட்டவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவன் மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டிச் சொன்னான்: "பந்துன்னு நெனைக்காதண்ணா. கழட்டி வச்ச டயர் ரோட்டுல உருண்டுகினு போவுது. புடிக்க மாட்டியா?"

அதை நான் தினமும் செய்கிறேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு பந்துகளை அப்படியே மடக்கி நெஞ்சோடு அணைத்துவிட்டேன். டவுன் டீமில் ஆளை மாற்றி மாற்றி இறக்கினார்கள். இறங்கியவன் ஒவ்வொருவனும் தானே கோல் போட வேண்டும் என்று தூக்கித் தூக்கி அடித்தான். எங்களுக்கு மாற்ற ஆள் இல்லை. அடுத்தவன் கால் எங்கே இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். தரையோடு போன பந்து ஒரு கோல் ஆனது. பிறகு இன்னொன்று.

ஒரு கோல் முன்னால் போனதும் எங்கள் ஆட்களுக்குப் பயம் வந்துவிட்டது. நேரம் ஓடட்டும் என்று அவர்களும் பந்தை வானத்துக்கு அடித்தார்கள். தூக்கி அடிக்கும் ஆட்டத்தில் டவுன் டீமை யாரும் மிஞ்ச முடியாது. போன வேகத்தில் பந்து எங்கள் பக்கமே திரும்பி வந்தது. கோலிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. கத்தத்தான் ஆள் இல்லை.

அந்தக் குரல் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "முள்ளு!" என்று கத்தினேன். "டேய், முள்ளு! முள்ளு!"

ஆறு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தேவிட்டான். அடுத்த நொடி பந்து தரைக்கு இறங்கியது. விசில் ஊதும்வரை அது மேலே எழவே இல்லை.

கோப்பை வாங்கியதும் டவுன் மேனேஜர் வந்தார். "பசங்களா, இன்னா முடிவு?"

"நாங்க வரலிங்க" என்றான் தண்ணீர் கொடுத்தவன். "வேணும்னா உங்க ஆளுங்கள எங்க ஏரிக்கு அனுப்புங்க. முள்ளுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அவரே சிரித்துவிட்டார்.

டிராக்டரில் ஊர் திரும்பினோம். எல்லைக்கல்லுக்கு உள்பக்கம், ஒரு அடி தள்ளி, கொத்தனார் வெறுங்காலோடு நின்றிருந்தார். கோப்பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முதல் கேள்வி இதுதான்:

"எவன்டா தூக்கி அடிச்சது?"

"எல்லாரும்தான். அண்ணன் கத்துச்சி பாரு, அடங்கிட்டோம்."

"யாரு, இவுரா? சும்மா சொல்லாதீங்கடா. டீக்கடையில டீ சொல்லவே கை காட்றவரு!"

"கத்துண்ணா, கத்திக் காட்டு" என்றார்கள்.

பெண்கள், பெரியவர்கள் என்று பாதி ஊர் அங்கே நின்றிருந்தது. நான் டிராக்டர் மேல் ஏறி நின்று கத்தினேன். ஏரிக்கரை வரை கேட்டதாகச் சொன்னார்கள்.