மாமாவிடம் கேட்க முடியாத கேள்வி

நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்க எங்கள் ஆம்புலன்சில் ஒரு சின்ன மாத்திரை உண்டு. நாக்குக்கு அடியில் வைத்தால் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். ஆனால் படுக்கையறைக்கென்று ஆண்கள் ரகசியமாகப் போட்டுக்கொள்கிற மாத்திரை ஏற்கெனவே உடம்பில் இருந்தால், இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் கிணற்றில் விழுந்த கல்லைப் போல இறக்கிவிடும். ஆளே போய்விடலாம். அதனால் கொடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கேள்வியை நான் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவள். மலையாளத்தில் போர்ட் கொச்சி ஹோட்டல் அறைகளிலும் கும்பளங்கி வீடுகளிலும் முகம் மாறாமல் கேட்டிருக்கிறேன். தமிழில் மட்டும் கேட்டதில்லை. தமிழ் எனக்குச் சோறு கேட்க, சண்டை போட, அம்மாவிடம் பொய் சொல்ல. இந்தக் கேள்விக்கு அதில் என்னிடம் சொல் இல்லை.

ஒரு நாள் காலை அழைப்பு மட்டாஞ்சேரியில் தமிழர்கள் குடியிருக்கும் எங்கள் தெருவிலிருந்தே வந்தது. அப்பாவோடு கார்ப்பரேஷனில் வேலை பார்த்த மாமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவது பாஸானபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தவர் அவர்தான். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் வியர்த்து ஒழுக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அத்தை, இரண்டு மருமகன்கள், பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா கையில் ஒரு மாத்திரை. "எங்க வீட்டுக்காரரோட ஹார்ட் மாத்திரைதான். நாக்குக்கு அடியில வெச்சா சட்டுனு கேக்கும். வாயத் தொறங்கண்ணே!"

அதே வகை மாத்திரை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "நில்லுங்கக்கா. முதல்ல ஒண்ணு கேக்கணும்."

"மனுஷன் வலியில துடிக்கிறாரு, இவ பரீட்சை வைக்கிறா!"

ஈசிஜி எடுத்து டாக்டரிடம் போனில் பேசினேன். ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தேன். பிறகு அந்தக் கேள்வி.

"மாமா, வேற மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"அது இல்ல மாமா. ஆம்பளைங்க... சில பேரு... ராத்திரியில..."

மூத்த மருமகன் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினான். இளையவனுக்கு இருமல் வந்தது.

"சீச்சீ! எனக்கு எதுக்கு மோளே அதெல்லாம்?" என்றார் மாமா. பதில் எனக்கு, பார்வை மருமகன்களுக்கு.

இவ்வளவு வேகமாக வருகிற 'இல்லை'யை நான் நம்புவதில்லை. பிரஷர் மாத்திரை அட்டையைத் தேட அத்தையை உள்ளே அனுப்பினேன். வழியில் நிற்கும் ஸ்கூட்டர்களை நகர்த்த மருமகன்களை. மாமாவுக்குச் சட்டை எடுக்க அக்காவை. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சீக்கிரம் அத்தை!" என்றேன்.

பிறகு மாமாவின் காதருகே குனிந்தேன். "இப்ப மறைச்சீங்கன்னா நான் குடுக்கிற மருந்தே உங்களைக் கொன்னுடும். அப்புறம் எங்கப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கண்ணை மூடிக்கொண்டார். "நேத்து ராத்திரி. மருமகன்மார்கிட்ட சொல்லிராத. அத்தைக்கும் தெரியக் கூடாது."

மாத்திரையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு அவரை வண்டியில் ஏற்றினோம். அக்கா சட்டையோடு ஓடிவந்தாள். "இன்னுமா குடுக்கல? படிச்ச பொண்ணாம்!"

"படிச்சதாலதான் குடுக்கலக்கா."

வண்டி கிளம்பியதும் டாக்டருக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மாமா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"இங்கிலீஷ்ல என்ன சொன்ன?"

"உங்க பிரஷரைச் சொன்னேன் மாமா."

"அவ்வளவு நீளமாவா?"

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டுபோய் அடைப்பை எடுத்தார்கள். டூட்டி முடிந்து போனபோது அத்தை வெளி பெஞ்சில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"மோளே, அந்த மாத்திரையப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டல்ல?"

"எந்த மாத்திரை அத்தை?"

"நேத்து போட்டாரே, அதான். சொல்ல வந்தேன், நீ அட்டை தேட வெரட்டிவிட்ட."

"உங்களுக்கு அது தெரியுமா?"

"நேத்து ராத்திரி நான் எங்க இருந்தேன்னு நெனச்ச, ஏலூர்லயா?" சாயாவை ஒரு வாய் குடித்தார். "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிராத. வெக்கப்படுவாரு."

சீருடையில் இருந்ததால் என்னை உள்ளே விட்டார்கள். மாமா வெளுத்துப் போயிருந்தார், ஆனால் வலி இல்லை. கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தார்.

"அத்தைக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியாது மாமா" என்றேன். அது இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.