திரைக்கு இந்தப் பக்கக் கட்டில்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. டாக்டர் “ஏதாவது கேக்கணுமா?” என்றால் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்க வேண்டியதை நினைத்துக்கொள்கிறவள். என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு வார்டிலும் ஒரு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது அவர்களுக்கு.

எங்கள் ஊர் விருத்தாசலம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். கல்லையும் மணலையும் மாவாக்கும் அரவை மெஷினில் தொடங்கி, பிறகு சூளைக்கு மாறினார். அதே கம்பெனியில் நானும் இருந்தேன். சுடாத பீங்கான் ப்யூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குவது என் வேலை.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். ஒருநாள் சாயங்காலம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஞ்சர் என்றார். மறுநாளும் தள்ளிக்கொண்டு வந்தார், மறுபடியும் பஞ்சர் என்றார். அவர் குளிக்கப் போனபோது டயரை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

இருமலுக்கு ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். முதலில் டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் அந்த நோய் இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுக்கச் சாப்பிட்டார். உடம்பு மெலிந்தது, இருமல் அப்படியே இருந்தது. பிறகு பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதன் பெயர் வேண்டாம். அங்கே யாரும் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை.

அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “என்ன வேலை?” என்று மட்டும் கேட்டார். சொன்னோம். “சிலிகோசிஸ்” என்றார் (கல், மணல் தூசி நுரையீரலில் தங்கி அதைக் கெட்டியாக்கிவிடும் நோய்). “இதைக் கரைக்க மருந்து கிடையாது. மூச்சுத் திணறலைக் குறைக்கப் பார்ப்போம்” என்றார். நான் தலையாட்டினேன்.

நெஞ்சு நோய் வார்டில் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ராமலிங்கம் என்று ஒருவர். பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். பீடியால் நுரையீரல் கெட்டுப்போய் வந்திருந்தார். எந்நேரமும் பேச்சு. முதல் நாளே என் வீட்டுக்காரரை மாப்ள ஆக்கிக்கொண்டார்.

“நீ மண்ணத் தின்ன, நான் பொகையத் தின்னேன். வூட்ல சோறே போட மாட்டாங்களா மாப்ள நமக்கு?” என்பார். அவர் மனைவி செல்வி, “வாய மூடிக்கிட்டு மூச்ச வுடு” என்பாள்.

அங்கேதான் கவிதா சிஸ்டர் வந்தாள். நர்ஸ் வேலையில் சில வருஷம் இருந்துவிட்டு, மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்ய வந்த பெண். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினாள். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஒரு மூச்சுப் பயிற்சி இருக்கிறது. அது உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பாதிப் பேருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பாள், பாதிப் பேருக்கு மாட்டாள். மருந்து மாத்திரை எல்லாருக்கும் ஒன்றுதான். விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம். சொல்லிக்கொடுக்காதவர்களுக்கும் கடைசியில், அளவெல்லாம் எடுத்து முடித்த மறுநாள், சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னாள். ராமலிங்கத்துக்குப் பயிற்சி விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு விழவில்லை. அவர் கையால்தான் எடுத்தார்.

“ஐயா, இன்னொண்ணு” என்றாள் அவள், கூச்சத்தோடு. “பக்கத்துல சொல்லித் தரும்போது நீங்க பாக்காம இருக்கணும். அவங்க செய்யறதப் பாத்து நீங்களும் செஞ்சிட்டீங்கன்னா என் ஆராய்ச்சிக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.”

“பாக்க மாட்டேம்மா” என்றார்.

முதலில் ஆறு நிமிட நடை வைத்தாள் (ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் சோதனை). வராந்தாவில் டேப் வைத்து அளந்து சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருந்தாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப் ஒன்றை விரலில் மாட்டி நடக்க வைத்தாள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே தூரம் நடந்தார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் ராமலிங்கத்தின் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை வரும். உள்ளே அவள் குரல் மெல்லக் கேட்கும். பிறகு ராமலிங்கம் ஊதும் சத்தம். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். திரையை எடுத்த பிறகும் ராமலிங்கம் செய்து பார்ப்பார். அப்போது இவர் துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொள்வார்.

“டேய் மாப்ள, பரீட்சையில பாத்து எழுத மாட்டேங்கிறியே, நீயெல்லாம் எப்படிடா பாஸானே?”

“நான் எங்க பாஸானேன்” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கக்கூசுக்குத் தானாக நடந்து போய் வர வேண்டும். அந்த வார்டில் கக்கூஸ் கோடியில் இருந்தது. பாதி வழியில் நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து போவார். உள்ளேயும் நான் வர வேண்டியிருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டது அந்த நாட்களில்தான்.

ராமலிங்கம் ஒரு வாரத்திலேயே தனியாகப் போய் வரத் தொடங்கினார். திரும்பி வரும்போது கையைத் தூக்கி, தேர்தலில் ஜெயித்தவர் போல எல்லாருக்கும் கும்பிடு போடுவார்.

துணி துவைக்கும் இடத்தில் செல்வியிடம் கேட்டேன். நான் வாய் திறந்து ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“என்னாவோ மூக்கால இழுத்து வாயால ஊதச் சொல்லுதுக்கா. நான் எங்க பாத்தேன், திரைக்கு வெளியதான் நிக்கிறேன்” என்றாள்.

அடுப்பு ஊதுவது போல என்று எடுத்துக்கொண்டேன். அங்கேயே ஊதிப் பார்த்தேன். தலை சுற்றியது. இருந்தாலும் அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் குனிந்து சொன்னேன். “ஏங்க, மூக்கால இழுத்து வாயால ஊதுங்க. யாரும் பாக்கல.”

வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“ஒங்களுக்கு என்னா பைத்தியமா? அந்தப் பொண்ணு பட்டம் வாங்க நீங்க மூச்சு முட்டிக் கெடக்கணுமா?”

அவரால் அப்போது இரண்டு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேச முடியாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “புது கிளேஸு... போட்டுப் பாக்கறப்ப... பழசு பூசினதையும்... அதே சூளையில வெப்போம்ல. வெக்கலன்னா... புதுசு நல்லாருக்குன்னு... எப்படித் தெரியும்?” கிளேஸு என்பது பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் பூச்சு.

“நீங்க என்னா ப்யூஸ் கட்டையா?”

“பின்ன? அதுல இருக்கற... மண்ணுதான... எனக்குள்ளயும் இருக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வார்த்தையை மதித்து அல்ல. இன்னொரு முறை அந்த இருமலைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கடைசி அளவு எடுக்கும் நாள் வந்தது. ராமலிங்கம் முதலில் நடந்தார். முன்பு நின்ற கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த் திரும்பினார். “டிராக்டர் டாப் கியர்ல போகுது, எல்லாரும் ஒதுங்குங்க” என்று பேசிக்கொண்டே நடந்தார்.

அடுத்து இவர். “முடியலன்னா நிறுத்திடுங்க ஐயா. எங்க வேணும்னாலும் நிக்கலாம்” என்றாள் கவிதா சிஸ்டர். இவர் நடந்தார். நின்றார். சுவரைப் பிடித்தார். மறுபடி நடந்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் விரல் கிளிப்பைப் பார்த்துவிட்டு, “போதும்” என்று ஓடிவந்து உட்கார வைத்தாள். முன்பு நடந்ததில் பாதிகூட இல்லை.

அவள் தூரத்தைக் குறித்துக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. கணக்குச் சரியாக வந்த பிள்ளையின் முகம் அது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அவள் குத்துக்காலிட்டு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அவரு கம்மியா நடந்தா ஒங்களுக்கு நல்லதாம்மா?”

“அய்யோ, அப்படி இல்லைங்கம்மா” என்றாள். டேப்பைச் சுற்றுவது நின்றது. பிறகு நிமிராமலே, “ஆமாங்கம்மா. கணக்குக்கு நல்லதுதான்” என்றாள்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பொய் சொல்லாமல் இருந்தாளே என்றிருந்தது. உள்ளே போனபோது அவர், “நல்லா வந்துதாமா?” என்று கேட்டார். “வந்துதாம்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அன்று மத்தியானமே காய்ச்சல் ஏறி, ஆக்சிஜன் வைத்தார்கள்.

அந்தக் காய்ச்சல் தணிந்து வீட்டுக்கு வந்தோம். மழைக்காலம் தொடங்கும் முன்பே அவர் போய்விட்டார். நடுவில் இருந்த நாட்களில் அந்த மூச்சுப் பயிற்சியை நான்தான் அவருக்குச் செய்ய வைத்தேன். அது கொஞ்சம் உதவியது. ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்து, கொல்லைப்புறம்வரை என் தோள் இல்லாமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்றிருந்த எனக்கு அதுதான் தாங்கவில்லை. உதவாமல் போயிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

பயிற்சி அவர் நுரையீரலைத் திருப்பித் தந்திருக்காது. டாக்டர் அன்றே சொன்னதுதான். அது தந்திருக்கக்கூடியது ஆஸ்பத்திரியில் சில நாள் வெட்கப்படாமல் நடப்பது, அவ்வளவே. அது சின்ன விஷயம் என்று நோயாளியைக் கக்கூசுக்குக் கூட்டிப்போன யாரும் சொல்ல மாட்டார்கள்.

கவிதா சிஸ்டர் பட்டம் வாங்கியிருப்பாள். வாங்கியிருக்க வேண்டும். இன்று எங்கோ ஒரு வார்டில் சேர்ந்த முதல் நாளே ஒருவருக்கு அந்தப் பயிற்சியைச் சொல்லித் தருகிறார்கள் என்றால், அதற்குள் ராமலிங்கம் நடந்த தூரத்தோடு இவர் நடக்காத தூரமும் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்றால் கேளுங்கள். ஆராய்ச்சிக்குச் சேர்க்கிறேன் என்றால், எந்தப் பக்கம், எத்தனை நாள், நடுவில் விலகலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதன் பிறகு சரி என்று சொன்னாலும் தப்பில்லை. அவர் தெரிந்துதான் சொன்னார்.

எனக்கு இப்போது என் மூச்சு காதில் கேட்கிறது. முன்பு மூச்சு என்று ஒன்று ஓடுவதே தெரியாது. சோறு வடிக்கும்போதும் சர்ச் பூசையில் முட்டி போட்டிருக்கும்போதும் உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிகிறது. நாளும் அப்படித்தான் ஆகிவிட்டது. காலை, மாலை என்று நீளமாக இல்லை, சின்னச் சின்னத் துண்டாகப் போகிறது. பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்குள் எவ்வளவு தூசி போயிருக்கும் என்று தெரியாது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். இன்னும் எடுக்கவில்லை. தூசியில் வேலை பார்த்திருந்தால் நீங்கள் எடுத்துவிடுங்கள்.

அந்தக் கடைசி நடைக்கு மறுநாள் நடந்ததை எழுதி முடிக்கிறேன். கவிதா சிஸ்டர் சொன்னபடி வந்தாள். அவருக்கு மாஸ்க் போட்டிருந்தது, சொல்லிக்கொடுக்க முடியாது. பச்சைத் திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் வேகமாக ஊதினேன். “அப்படி ஊதக் கூடாதுங்கம்மா. சூடா இருக்கற டீய ஊதி ஆத்தற மாதிரி மெதுவா” என்றாள். சரியாக வரும்வரை செய்தேன். அவர் மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் திரையை விலக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த வார்டுக்குப் போனாள்.