தியெப்பில் அணைந்த சோஃபாஜ்

வெள்ளி, காலை 8.10. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் கடைக்காரர்கள் இரும்புக் கதவுகளை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கறிவேப்பிலை ஒரு கட்டு, தேங்காய் இரண்டு, மிளகாய்த்தூள் அரைக் கிலோ. சின்னம்மா எழுதித் தந்த துண்டின் கடைசி வரியில் "பார்சல் ஒட்டுற ரேப், பெரிசு, 1" என்று இருந்தது. வாங்கினேன். அந்த ஒட்டுநாடா எதற்கென்று கேட்கவில்லை.

கார் து நோர் நிலையத்திலிருந்து புறநகர் எபினேக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட இல்லை. அங்கே நண்பர் ஒருவரின் முற்றத்தில்தான் சித்தப்பா தன் பழைய கரவானை நிறுத்தி வைத்திருக்கிறார். காரின் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சின்ன வீடு அது: நான்கு பேர் படுக்கலாம், சமைக்க ஒரு குசினி, ஓர் அலுமாரி. அலுமாரியின் அடியில் எரிவாயுவில் எரியும் வெப்பமூட்டி. பாரிஸில் அதை எல்லோரும் சோஃபாஜ் என்றுதான் சொல்வோம்.

இந்தச் சோஃபாஜுக்காக நான் ஐந்து சனிக்கிழமைகள் செலவழித்தேன். சின்னம்மாவுக்கு இடது தோள் இறுகிவிட்டது. குளிர் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கரவானில் அவர் படுக்கும் முன்பக்கத்துக்கோ சூடு வந்து சேர்வதேயில்லை. எரிவாயுப் பக்கத்தை நான் தொடவில்லை. அதற்கு அனுமதி உள்ளவர் வந்து பரிசோதித்துத் தாள் தந்தார். சூட்டைத் தள்ளும் விசிறியை மாற்றினேன். கிழிந்த குழாய்களைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, பஞ்சு சுற்றினேன். ஐந்து எண் மட்டும் போட்ட பழைய திருகைக் கழற்றிவிட்டு, பாகை காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தினேன். சூட்டை அளக்கும் உணரியைச் சின்னம்மாவின் தலைமாட்டுக்குக் கொண்டுபோனேன். என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் படித்துச் சான்றுப் பத்திரம் எடுத்த முதல் ஆள் நான், அதுவும் வெப்பமூட்டும் தொழிலில். இரண்டு வாரம் முன்பு முற்றத்தில் வைத்தே பரீட்சை பார்த்தோம். கரவான் முழுக்க இருபது பாகை. சித்தப்பாவை இருத்தி, எந்தப் பொத்தான் எதற்கு, எந்தத் துளை எதற்கு என்று ஒரு மணி நேரம் விளக்கினேன்.

10.30. நானும் சித்தப்பாவும் கரவானைக் காரில் கொளுவி, விளக்கு வயர் பூட்டி முடித்தபோது சின்னம்மா உள்ளே சாமான் அடுக்கி முடித்திருந்தார். பொந்துவாஸ், ஜிசோர், ஃபோர்ஜ்-லே-ஓ வழியாக, வார இறுதியைக் கழிக்கக் கடற்கரை ஊரான தியெப்புக்கு ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீற்றர். சுங்கம் கட்டாத பாதை. ஜிசோர் தாண்டியதும் வயல்களில் பனிப்புகார். இரண்டு மணிக்குக் கடல் தெரிந்தது. முகாம் இடத்துக்கு ஒரு இரவுக்கு 24 யூரோ, மின்சாரம் சேர்த்து.

மாலை 5.30. சின்னம்மா மீன்குழம்பு வைக்க, நான் சோஃபாஜைப் போட்டேன். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. அணைந்தது. ஆறவிட்டுப் போட்டேன். மறுபடி அணைந்தது. பெட்டியில் பதினொரு பாகை.

"படிச்சவன் செய்த வேலை," என்றார் சித்தப்பா, சோற்றைக் குழைத்தபடி. "பழைய சோஃபாஜ் சூடு தரேல்லை எண்டாலும் ரோஷத்தோடை நிண்டு எரிஞ்சுது."

"நாளைக்குப் பாக்கிறன் சித்தப்பா."

"பார், பார். அதுவரைக்கும் உன்ரை பத்திரத்தைப் போத்திக்கொண்டு படுப்பம்."

சின்னம்மா இரண்டு போர்வையையும் தோளில் சுற்றிக்கொண்டார்.

சனி, காலை 9.00. கரவான் திருத்தும் பட்டறை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது; கரவானை அங்கே இழுத்துக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் கதவைத் திறந்தார், மூக்கைச் சுருக்கினார், என் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"இதை மாற்றியது யார்?"

"நான். இதுதான் என் தொழில்."

அவர் குனியவுமில்லை, ஒரு திருகாணியைத் தொடவுமில்லை. "உங்கள் சமையல் எண்ணெய் விசிறியை அடைத்திருக்கும். உங்கள் ஆட்கள் வெளியே வைத்துச் சமைக்க வேண்டும்." பார்த்ததற்கு 45 யூரோ. பார்த்தது மூக்கு மட்டும்தான் என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியும் எனக்கு. சின்னம்மா என் கையைப் பிடித்தார். கட்டிவிட்டு வந்தோம்.

11.00. கார் ஓட்டுவதற்கும் மனம் இல்லாமல் துறைமுகத்தில் நிறுத்தினோம். அங்கே கரை நெடுகக் கரி அடுப்பு வைத்து ஹெரிங் மீன் சுடுகிறார்கள். புகை ஆளை மறைக்கிறது. பாரிஸிலிருந்து வந்தவர்கள் நல்ல கம்பளிக் கோட்டுகளோடு அந்தப் புகைக்குள் நின்று கண்ணை மூடி மூச்சு இழுக்கிறார்கள், அந்தப் புகையோடேயே வீட்டுக்கும் போவார்கள். அவர்களை வெளியே வைத்துச் சமைக்கச் சொல்லத் தேவையில்லை, ஏற்கெனவே வெளியேதான் சமைக்கிறார்கள், ஊர் முழுவதற்குமாக. அது இந்த ஊரின் பெருமை. எங்கள் குழம்பு விசிறியை அடைக்கும்.

மதியம் 12.30. முகாமுக்குத் திரும்பி விசிறியைக் கழற்றினேன். துடைத்து வைத்த தட்டுப்போல இருந்தது. ஒரு துளி எண்ணெய் இல்லை. ஆத்திரத்தோடு அலுமாரிக் கதவைத் திறந்து, கீழே கைவிட்டேன். விசிறி காற்று இழுக்கும் துளை வரிசை விரலுக்குத் தட்டுப்படவில்லை. வழுவழுவென்று இருந்தது. விளக்கடித்துப் பார்த்தால், மண்ணிற ஒட்டுநாடா. நேராக, மூன்று மடிப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல். காற்று வராவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும், பாதுகாப்புக்காகச் சோஃபாஜ் தானே அணையும். மேலே, சிப் இழுத்து மூடிய பிளாஸ்ரிக் உறைக்குள் சின்னம்மாவின் கோட்டு.

"சித்தப்பா, இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான் ஒட்டினனான்," என்றார் சின்னம்மா, வெங்காயம் வெட்டியபடி.

"ஏன் சின்னம்மா? உது சோஃபாஜுக்குக் காத்துப் போற வழியெல்லோ."

"எனக்கு ஆர் சொன்னது? அண்டைக்கு ரெண்டுபேரும் ஒரு மணித்தியாலம் கதைச்சீங்கள். நான் தேத்தண்ணி போட்டுத் தந்தனான்." கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைக் காட்டினார். "அண்டைக்கு இதுக்குள்ளை சமைச்சுப்போட்டு, திங்கட்கிழமை அந்த மந்தோவோடை பியூறோவுக்கு வேலைக்குப் போனனான். குழம்பு மணந்தது. உன்ரை புது விசிறி குசினிக் காத்தை எல்லாம் அலுமாரிக்குள்ளாலை இழுக்குது."

உண்மை. பழைய விசிறிக்கு அந்தப் பலம் இல்லை. குழம்பின் ஆவி முழுவதையும் அவருடைய கோட்டின் ஊடாக வடித்து இழுத்தது நான் பொருத்திய விசிறி.

"மணந்தால் என்ன?" என்றேன்.

"உனக்கென்ன, நீ வேலை உடுப்போடை போறனீ. எனக்குப் பக்கத்து மேசைக்காரி, நான் மந்தோவைக் கொளுவின உடனை எழும்பிப்போய் யன்னலைத் திறக்கிறாள். போன மாசிக் குளிரிலையும் திறந்தவள். ஒண்டும் சொல்லமாட்டாள், சிரிப்பாள். பிறகு பியூறோப் பெரியவர் எல்லாருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார், உடுப்புக் கொளுவிற இடத்திலை மணம் பற்றி. எல்லாருக்கும்தான் அனுப்பினது. என்னைத்தான் எல்லாரும் பார்த்தவை."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்றார் சித்தப்பா. அவர் ரூ காயில் சமையல்காரர்.

"சொன்னால் நீங்கள் சமைக்கிறதை விட்டிடுவீங்களோ?"

சித்தப்பா எழுந்து வெளியே போய், காரணமில்லாமல் கரவானின் சில்லுகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

மாசியில் யன்னல். இறுகிய தோளோடு அதன் எதிரே எட்டு மணி நேரம். அந்தத் தோளுக்குச் சூடு கொண்டுவரத்தான் நான் ஐந்து சனிக்கிழமை முழங்காலில் நின்றேன்.

14.00. வீட்டுத் திருத்தச் சாமான் கடையில் இரண்டு குழாய்த் துண்டு, ஒரு பலகை, 18 யூரோ 60. ஒட்டுநாடாவை நான் கழற்றவில்லை. அதன் கீழே பலகை அடித்து, அலுமாரியை விசிறியிலிருந்து முற்றாகப் பிரித்தேன். குசினிக்கு எதிர்ப்புறம், பின் கட்டிலின் அடியிலிருந்து இரண்டு குழாய் வழியாக விசிறிக்குக் காற்றுக் கொண்டுவந்தேன். இந்தமுறை சின்னம்மாதான் விளக்குப் பிடித்தார். எந்தத் துளை எதற்கு என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி வேலை செய்தேன்.

"இதை மூடலாமோ?"

"இதை மூடக்கூடாது சின்னம்மா."

"இதை?"

"உதை எத்தினை மடிப்பும் ஒட்டுங்கோ."

மாலை ஆறு மணிக்குப் பத்தொன்பது பாகை. அரை மணியில் இருபது. அணையவில்லை. சின்னம்மா போர்வையைக் கழற்றிவிட்டு மறுபடி மீன்குழம்பு வைத்தார், வேண்டுமென்றே புளி கூட்டி.

ஞாயிறு மதியம் புறப்பட்டோம். தியெப்பை விட்டு ஏறும் மேட்டில்கூட ஹெரிங் புகை வண்டிக்குள் வந்தது. யாரும் கண்ணாடியை ஏற்றவில்லை.

திங்கள், காலை 8.00. லா ஷப்பல் மெத்ரோ வாசல். மேலே இரும்புப் பாலத்தில் ரயில், கீழே பேக்கரி வெண்ணெய், வறுத்த கோப்பி, தோசைக்கல், சாக்கடை, ஒருவர் தலையில் பூசிய எண்ணெய். இந்தச் சந்தியில் யார் கோட்டில் எது ஏறியது என்று ஒருவராலும் பிரிக்க முடியாது. சின்னம்மாவின் அலுவலகத்துக்கு இங்கிருந்து ஏழு நிறுத்தம்தான்.

சின்னம்மா உறையைத் திறந்து கோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மணந்து பார். பொய் சொல்லாதை."

பார்த்தேன். காலர், கைமடிப்பு, அக்குள். ஒட்டுநாடாப் பசையின் மணம் மட்டும் இலேசாக இருந்தது.

"ஒண்டும் இல்லை சின்னம்மா."

"ஓம், நானும் பார்த்தனான்."

இடது கையை மெல்ல உயர்த்திக் கோட்டைப் போட்டுக்கொண்டார். நேற்றைவிடக் கொஞ்சம் மேலே போனது கை. பிறகு அந்தப் பிளாஸ்ரிக் உறையை நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினார்.