அங்கன்வாடி கேட்டில் நான் வளைத்த எழுத்துகள்

பேட்டையில் ஒரு தகரக் கூரையும் கடன் வாங்கிய வெல்டிங் மிஷினுமாகத் தொடங்கியவன் நான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இன்று பாபநாசத்திலிருந்து ஏரல் வரை, ஆற்றின் இரு கரையிலும் நான் செய்த கேட்டுகள் நிற்கின்றன. கல்யாண மண்டபம், சர்ச், அரிசி ஆலை, ஒரு கல்லூரிகூட. எவனும் கை கொடுக்கவில்லை. இரண்டு பேர் காலை வாரினார்கள்.

ஆனால் எனக்குத் தீராத எரிச்சல் எங்கள் தெரு அங்கன்வாடியின் சின்ன கேட்டால்தான்.

உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஓர் அமைப்பு அங்கே படப் புத்தகங்கள் கொடுத்திருந்தது. பிள்ளைகள் கிழித்துவிடும் என்று டீச்சர் அவற்றைப் பீரோவில் பூட்டிவிட்டார். சாயங்காலம், சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போன தாய்மார் திரும்பும்வரை பிள்ளைகள் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். தினமும் பார்ப்பேன். டீச்சர் புது கேட் செய்யச் சொன்னபோது, கம்பியை வளைத்து 'அ' முதல் 'ஔ' வரை அதிலேயே பற்றவைத்தேன். நிற்கிற நேரத்தில் தடவிப் படிக்கட்டுமே.

பத்து நாளில் டீச்சர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, புள்ளையள்லாம் எழுத்தைத் திருப்பிப் போட்டுல்லா எழுதுதுவ."

போய்ப் பார்த்தேன். என் கைப்பழக்கம்தான். கேட்டில் எழுத்து என்றால் தெருவைப் பார்த்துத்தான் வைப்போம். உள்ளே நிற்பவர்களுக்கு எல்லாமே இடவலம் மாறித் தெரிந்தது.

"தெருவுல போறவங்களுக்கா பாடம் எடுக்கிய?" என்றார்.

"நான் ரெண்டாப்புதான் படிச்சேன், டீச்சர். நானும் தெருவுலதான நிக்கேன்."

அன்றே ஒவ்வொரு எழுத்தையும் வெட்டியெடுத்து, உள்ளே பார்க்கத் திருப்பி வைத்தேன். பிஞ்சு விரலைக் கிழிக்காதபடி முனைகளை அரத்தால் ராவினேன். இரண்டே மாதத்தில் பிள்ளைகள் தரையில் சரியாக எழுதினார்கள்.

பிறகு அந்த அமைப்பினர் வந்தார்கள், படம் எடுத்தார்கள். போன வாரம் அவர்களுடைய வழவழப் புத்தகம் வந்தது. அட்டையில் என் கேட். இதே முறையை இன்னும் சில நாடுகளில் செய்கிறார்களாம். கீழே என்ன போட்டிருக்கிறது என்று டீச்சரைப் படிக்கச் சொன்னேன்.

"'எங்கள் குழுவின் வடிவமைப்பு'ன்னு இருக்கு. உங்க பேரு இல்ல, அண்ணாச்சி."

அந்த அமைப்பின் அதிகாரிக்குப் போன் போட்டேன். குழுவாக யோசித்தது என்றார்.

"அப்போ எழுத்து ஏன் உள்ளே பார்த்து இருக்கு? சொல்லும் வே" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்தப் படத்தின் கீழ் என் பெயர் வர வேண்டும். கேட் செய்த தொழிலாளி என்று போட்டு ஒதுக்கக் கூடாது. யோசித்தவன் என்றே போட வேண்டும்.