ஆயித்து என்ற பதில்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. எனக்கு எழுத வருவது என் பெயர் மட்டும்தான். வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் இந்த இடத்தில் பேசுவது நான். எழுதுவது பேத்தி செல்வி. என் வீட்டில் ஒருவரும் பசியோடு படுத்ததில்லை என்று பெருமை பேசுகிறவள் நான்... அந்தப் பெருமைக்குப் போன வாரம் ஒரு அடி.

என் கடைசி மகன் ஸ்கூல் வாத்தியார். பாஷைப்படி ராஜ்யங்களைப் பிரிக்கப்போகிறார்களாம்; எங்கள் ஓசூர் மைசூரோடு போகுமா, மெட்ராஸோடு இருக்குமா என்று வாதம் செய்ய மத்தியானமானால் அவன் சிநேகிதர்கள் வந்துவிடுகிறார்கள். வாதம் முடிகிறதோ இல்லையோ, என் களி முடிந்துவிடும்.

அன்று பேச்சு எப்படியோ பசிக்குத் திரும்பியது. மகன் தடித்த டிக்ஷனரியைப் பிரித்தான். பட்டினிக்கு இங்கிலீஷில் 'ஸ்டார்வ்' என்கிறார்களே, ஆதியில் அதற்குச் சாவது என்றுதான் அர்த்தமாம். எப்படிச் செத்தாலும் அதே வார்த்தை. அப்புறம் சில ஊர்களில் குளிரில் விறைத்துச் சாவது. பிறகுதான் சோறில்லாமல் சாவது. பஞ்சத்துக்குச் சொல்கிற 'ஃபாமின்' லத்தீனில் பசி என்று பிறந்து, பிரெஞ்சுக்காரர் வழியாக வந்ததாம். பசியைக்கூடவா இரவல் வாங்குவார்கள்?

சிரித்துக்கொண்டே அவன் பெண்டாட்டி கௌரியைப் பார்த்தேன். ஆனேக்கல் பெண், தை மாதம்தான் வந்தாள். கை வளையல் முழங்கை வரை ஏறுகிறது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, தாய்வீட்டுக்கு அனுப்பிவிடு என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கம்போல அவள் பாஷையான கன்னடத்தில் கேட்டேன்.

"ஊட்டா ஆயித்தா?"

"ஆயித்து, அத்தே."

சாப்பாடு ஆச்சு என்கிறாள். ஆனால் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள் அவள். களிப்பானையோ எப்போதோ கழுவிக் கவிழ்த்திருக்கிறது... பின்னே எதைத் தின்றாள்?

எங்கள் பக்கம் இந்தக் கேள்வி வணக்கம் சொல்வது மாதிரி. சந்தையில் யார் கேட்டாலும் ஆயித்து என்போம் — வயிறு காலியாக இருந்தாலும். அடுப்படியிலும் அதையே கேட்டால் அதே பதில்தானே வரும்?

கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நெசத்தச் சொல்லு கண்ணு. இன்னிக்குத் தின்னியா?"

அவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். "இல்ல அத்தே. வந்தவங்களுக்குப் பத்தல." வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிக்கொண்டே, "நேத்தும்" என்றாள்.

பசியையும் சாவையும் ஒரே வார்த்தையில் வைத்த வெள்ளைக்காரன் விவரமானவன்தான். நாம் அதை ஆயித்துக்குள் ஒளித்துவிட்டோம்.

இப்போது முதல் உருண்டை கௌரிக்கு. என் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறாள். வாதக்காரர்களுக்கு மோர் மட்டும். ஓசூரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும்.

செல்வி, எழுதியதை ஒரு தரம் படித்துக் காட்டு. இரு... நீ சாப்பிட்டாயா? வாயால் சொல்லாதே. தட்டைக் காட்டு.