எதிர்ப்பக்கத்துக் கதவு

“ஊத்து” என்று சொல்லிவிட்டு எயெங்கா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்காருவதே இல்லை. பின்னிருக்கையில், ஓரமாக, பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல் உட்காருவார். செருப்பு வெளியே கிடக்கும். காலில் வெள்ளைக் காலுறை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பாதி நிழலாகத்தான் தெரிவார்.

வெளியே குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் வண்டிக்காரர். வண்டிக்குள் மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் அந்தப் பட்டறையின் சட்டம் அது.

“நானா? சட்டையெல்லாம் நனையுமே, அக்கா!”

“உன் வண்டி மழைக்காலம் பூரா நனைஞ்சுதே, அதுக்குச் சட்டை மாட்டிவிட்டியா? ஊத்து. கீழேருந்து மேல போ. அவசரப்பட்டுக் கூரைக்குத் தாவாதே.”

முதலில் கதவின் அடி, பிறகு கதவோர ரப்பர் பீடிங், பிறகு முன்கண்ணாடியின் ஓரம், கடைசியில்தான் கூரை. உள்ளிருந்து கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் தொடர வேண்டும். அவர் கண்களை மூடிக்கொண்டு பாதங்களால் விரிப்பைத் தடவிக்கொண்டிருப்பார். காலுறையில் ஈரம் ஏறிய இடத்திலிருந்து பின்னோக்கித் தேடத் தொடங்குவார். ரப்பரில் பவுடர் தூவி, தண்ணீர் கோடு கிழித்த இடத்தை விரலால் காட்டுவார். ஸ்பீக்கர் மாட்டுகிறேன் என்று கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவைப்பவர்களைத் திட்டும் திட்டை இங்கே எழுத முடியாது. முன்கண்ணாடிக்குக் கீழே வடிகாலை அடைத்த மாவிலைச் சருகுகளை அள்ளி வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பார். “வீட்டுக்குக் கொண்டு போ. உன் மாமரம் உனக்கு அனுப்பினது.”

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான். “நனைஞ்சப்போ எங்க நின்னுச்சு? எந்தப் பக்கம் சாஞ்சு?” தண்ணீர் நுழைகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு; நடுவில் அது தரையின் சாய்வைக் கேட்டுக்கொண்டு நடக்கும் என்பார்.

எங்கள் துறைமுகப் பகுதியான போனாபெரியில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. வேறு நாட்டில் வேறு யாரோ ஓட்டித் தேய்த்தவை. நாயே வளர்க்காத ஒரு பள்ளி ஆசிரியரின் கார், மழை பெய்தால் நனைந்த நாயின் வாடை அடித்தது. விரிப்பைத் தூக்கினால், அடியில் வெள்ளை முடி பாய்போல் படிந்திருந்தது. எயெங்கா அதை எறியவில்லை. ஒரு தாளில் பொட்டலமாகக் கட்டி ஓரமாக வைத்தார். “முன்னாடி இருந்தவங்க முழுசா இறங்கிப் போறதில்லப்பா” என்றார்.

அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்ததும் அவர் ஒன்று செய்வார். தான் இறங்கியபின் வண்டியைச் சுற்றிவந்து, எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திச் சற்று நிற்பார். பிறகு மெல்லச் சாத்துவார். காரணம் கேட்டால், “காத்து போகட்டும்னுதான்” என்பார். காற்றுக்கு யாரும் தலையைத் தாழ்த்தி நான் பார்த்ததில்லை.

போன ஆகஸ்டில் ஒரு காலை, சவ வண்டி ஓட்டும் முகூரி பட்டறை வாசலில் வந்து நின்றார். இருக்கையைவிட்டு இறங்காமலே பேசினார்.

“அக்கா, என் வண்டியில ஒரு பிணம் அழுதுடுச்சு.”

“நீ ஓட்டுற ஓட்டுக்கு எந்தப் பிணமும் அழும்.”

முகூரி சிரிக்கவில்லை. எவானே என்ற துறைமுகத் தொழிலாளியின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டும் மழையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பெட்டியை இறக்குமுன், ஓடில் என்ற அவன் மனைவி பக்கக் கதவு வழியாக ஏறிப் பெட்டிமேல் கை வைத்தாள். பெட்டி மூடியில் முகம் தெரிவதற்காகப் பதித்திருந்த கண்ணாடியில், சரியாகக் கண்ணுக்கு மேலே, நீர் வழிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். “தொட்டதும் அழுறான் பாரு! என்ன பண்ணித் தொலைச்சா இவ?” என்று எவானேயின் அண்ணன் திகோங்கே கத்தினார். அடக்கம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஓடிலும் குழந்தைகளும் பக்கத்து வீட்டுச் சமையலறையில் படுத்தார்கள். அவளை ஊரைவிட்டே அனுப்புவதா என்று மறுநாள் குடும்பம் கூடி முடிவு செய்வதாக இருந்தது.

“இங்க பாத்தா ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நின்ன எடத்துக்கே விடு” என்றார் எயெங்கா.

எவானேயின் வீட்டுமுன் தெரு கால்வாயை நோக்கிச் சரிகிறது. அன்று போலவே வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. ஓடில் அன்று ஏறிய கதவு வழியாகவே எயெங்கா ஏறி, பெட்டி கிடந்த பலகையில், பெட்டி கிடந்தபடியே மல்லாந்து படுத்தார். கூடியிருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஊத்து.”

முகூரி வாளி வாளியாகக் கூரைமேல் ஊற்றினார். ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. எயெங்கா அசையவே இல்லை. மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. “அக்கா?” என்றார் முகூரி. “அக்கா!” நெடுநேரம் கழித்து, கண்ணாடியில் இரண்டு தட்டு.

அவர் தொடர்ந்து ஊற்றினார். ஒன்றுமில்லை.

“போதும், எந்திரிம்மா” என்றார் திகோங்கே. “மழையுமில்ல, ஒழுகலுமில்ல. அழுதது என் தம்பிதான்.”

எயெங்கா படுத்தபடியே சொன்னார்: “ஓடில், அன்னைக்கு ஏறின மாதிரியே ஏறும்மா.”

ஓடில் ஏறினாள். கையை நீட்டி, படுத்திருந்தவரின் மார்பில் வைத்தாள். எயெங்காவின் கண்ணோரம் நீர் விழுந்து கன்னத்தில் இறங்கியது.

கூட்டம் பின்வாங்கியது. “பாத்தீங்களா? அவ தொட்டாத்தான்!” என்று திகோங்கேயின் குரல் உயர்ந்தது. ஓடில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் அவளும் நம்பிவிட்டாள் என்றுதான் தோன்றியது.

“நீ இறங்கும்மா.” எயெங்கா முகத்தைத் துடைக்கவில்லை. “முகூரி, இன்னும் கொஞ்சம் ஊத்து. ம். இப்ப நீங்க ஏறுங்க, பெரியவரே.”

“நான் எதுக்கு?”

“உங்க தம்பிதானே? தொடுறதுக்கு என்ன பயம்?”

யாரோ சிரித்தார்கள். திகோங்கே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கனத்த உடம்பு, வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது. அவர் கை எட்டுவதற்கு முன்பே எயெங்காவின் இரண்டு கண்களிலும் நீர் கொட்டியது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

எயெங்கா இறங்கித் தேடியபோது, கூரைமேல் சிலுவையை முடுக்கிய திருகு ஒன்றின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதன் வழியே இறங்கிய தண்ணீர், கூரையின் உள்துணிக்கு மேலே சரிவில் தேங்கிக் காத்திருந்து, ஆள் ஏறி வண்டி அசையும்போது சிந்தியது. எயெங்கா திருகைக் கழற்றித் துடைத்துப் புதுப் பசை வைத்தார். அது இறுகும்வரை, பக்கத்து வீட்டார் கொடுத்த சுட்ட மீனை நிதானமாக முள் எடுத்துத் தின்றார். மறுபடி ஊற்றி, முகூரியை ஏறச் சொன்னபோது உள்ளே ஈரமில்லை.

“அப்போ அவன் அழலையா?” திகோங்கே எயெங்காவிடம் மட்டும் கேட்பதுபோல் கேட்டார்.

“ஓட்டைய அடைச்சுட்டேன். அழுதாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அழுதிருந்தா உங்க ரெண்டு பேருக்கும்தான் அழுதிருக்காரு.”

திகோங்கே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். ஓடில் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

எயெங்கா செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றிவந்து, வீட்டு வாசலைப் பார்த்திருந்த எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்தார். தலையைத் தாழ்த்தி நின்றார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. கதவுக்கும் வாசலுக்கும் நடுவே திகோங்கே நின்றிருந்தார். எயெங்கா அவர் முழங்கையைத் தொட்டு ஓரமாக நகர்த்திவிட்டு, யாரோ இறங்கி வாசலுக்குப் போக வழி விடுவதுபோல் தானும் ஓரடி விலகி நின்றார்.