மூன்றாம் வருடத்துக் காவடி

சந்திரகலா லேசில் பயப்படுகிறவள் அல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாம்பு வந்தால் துடைப்பத்தோடு முதல் ஆளாய்ப் போகிறவள். அப்பேர்ப்பட்டவளை நடுங்க வைக்கக் கண்ணுக்கே தெரியாத ஒன்று வர வேண்டியிருந்தது. எண்பத்தாறாம் வருடம் அது வந்தது.

அவளுக்கு ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை. கிருமி வளர்க்கும் தட்டுகளுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுவாள். தீபாவளிக்கு வீட்டில் செய்கிற அதே அகார்-அகார் கடற்பாசிக் கூழ்தான். சீனிக்குப் பதிலாகக் கிருமிக்குப் பிடித்ததைப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் விரிவுரையாளர் சிவசம்பு, சாலாக் செலாத்தான் என்ற ஊருக்குப் பக்கத்து ஓடை ஒன்றை ஆராய ஆரம்பித்தார். ஓடையோரம் கார் பம்பருக்கும் குழாய்க்கும் முலாம் பூசும் பட்டறைகள் இருந்தன; அவற்றின் செம்புக் கழிவு ஓடையில் கலந்தது. பட்டறைகளுக்கு மேலே எடுத்த தண்ணீர் ஒரு தட்டில், கீழே எடுத்தது இன்னொரு தட்டில். இரண்டின் கூழிலும் செம்பு உப்பு கலந்திருந்தது. மேல்தண்ணீர்த் தட்டில் அநேகமாக ஒன்றும் முளைக்கவில்லை. கீழ்த்தண்ணீர்த் தட்டில் இடமே இல்லை.

"பட்டறைத் தண்ணியில எத்தனையோ செத்துப் போச்சு. தாங்குனது மட்டும் நின்னு பெருகிடுச்சு," என்றார் சிவசம்பு. "உள்ள வர்ற செம்பை வெளிய தள்ளத் தெரிஞ்சதுங்க. அந்த வித்தையைப் பக்கத்துல இருக்குறதுக்கும் குடுத்துடும்."

அடுத்த வீட்டுக்காரிக்குச் சீனி கொடுப்பது போல என்று நினைத்துச் சந்திரகலா சிரித்தாள். பிறகு அவர் அதே கிருமிகள் மேல் மருந்து வில்லைகளை வைத்தார். சாதாரணமாக வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வெற்று வட்டம் விழும். இங்கே பல வில்லைகளின் விளிம்பு வரை கிருமி ஏறி நின்றது. உலோகத்தைத் தாங்கும் வித்தையும் மருந்தைத் தாங்கும் வித்தையும் பல நேரம் சேர்ந்தே கைமாறும் என்றார். அவள் சிரிப்பு அதோடு போயிற்று.

ஏனென்றால் அந்தக் கீழ்க்கரையில்தான் முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று அவள் கணவன் வாசு அந்த ஓடையில் முங்கி எழுந்து, ஈர முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுப்பவன். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது மூன்று வருடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவன். இது கடைசி வருடம்.

"குழாய்த் தண்ணியில குளிச்சுட்டுப் போங்க. உங்க கால்ல விழறேன்," என்றாள்.

"ரெண்டு வருஷமா ஒன்னும் ஆகலையே லா. உனக்காக எடுக்குறது, அதுல குறை வைக்கச் சொல்றியா?"

உத்திரத்தன்று கரையில் நின்று, அவன் மூன்று முறை முங்கியதைப் பார்த்தாள். முதுகில் முதல் கொக்கி இறங்கியபோது கூட்டம் வேல் வேல் என்றது. அவள் கண்ணில் அந்தத் தட்டுதான் நின்றது.

காயங்கள் ஆறின, ஒன்றைத் தவிர. இடது தோளுக்குக் கீழே ஒரு கொக்கித் துளை சிவந்து வீங்கியது. கிளினிக் மாத்திரைக்கு அது அசையவில்லை. குளிர்சுரம் வந்து அவன் உளற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரிடம் ஓடைக் கதை முழுவதையும் கொட்டினாள். அவர் பொறுமையாய்க் கேட்டார்.

"அங்கேருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா சொன்னது நல்லது. சீழை டெஸ்டுக்கு அனுப்புறேன், எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு பாப்போம்."

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. மற்ற மனைவிமார் வராந்தாவில் சும்மா அழுதார்கள்; இவளோ எந்த வில்லையைச் சுற்றியும் வட்டமே விழாத ஒரு தட்டைக் கண்முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தது, பார்த்தது எல்லாம் எங்கேயோ போய்விட, அவள் வாய் தானாக முருகா, முருகா என்று முணுமுணுத்தது.

நான்கு மருந்தில் மூன்று பலிக்கவில்லை. நான்காவது பலித்தது. வாசு இளைத்துக் கறுத்து வீடு வந்து சேர்ந்தான். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மைலோவை ஆற்றிக் குடித்தவன், ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"நீ சொன்னதுதான் சரி கலா. மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. இனிமே அந்த ஓடைப் பக்கமே போக மாட்டேன். திருப்திதானே?"

சீழ் தட்டில் கிடந்தபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"என்னங்க," என்றாள். "நீங்க பொழச்சு வந்தா இன்னும் மூணு வருஷம் காவடி எடுப்பீங்கன்னு வேண்டிக்கிட்டேன்."